முதலில் மின்விசிறியை நிறுத்தினேன்

அம்மாவின் உயிர் பிரிந்தபோது விடியற்காலை நான்கு மணி பத்து நிமிடம். எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன். இமைகளை மூடி, அவற்றின் மேல் ஈரப் பஞ்சு வைத்தேன். தலைக்கு இரண்டு தலையணைகள் கொடுத்து உயர்த்தினேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான்.

ஊத்தங்கரைப் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் 31 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தார். அப்பா போனபோது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு நான்கு. காரியம் முடிந்த மறுநாளே தடுப்பூசிப் பெட்டியோடு புறப்பட்டுவிட்டார். உறைந்த ஐஸ் பேக்கை எடுத்த கையோடு பெட்டிக்குள் வைக்கமாட்டார். மேசைமேல் வியர்க்க விட்டு, காதருகே குலுக்கிப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால்தான் அடுக்குவார். முத்தடுப்பு ஊசி மருந்து உறைந்துபோனால் வீண் என்பார். சில காலைகளில் என் காதிலும் வைத்து, "கேட்கிறதா பாப்பா?" என்பார்.

பாட்டியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவர்தான். பிறகு அவரையே பக்கவாதம் சாய்த்தது. பதினான்கு மாதம் நானும் தம்பியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தோம். முதுகில் ஒரு புண்கூட வரவில்லை; அதில் எனக்குப் பெருமை உண்டு. வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. அதில் வீட்டுக்கு வரும் செவிலியர் கை கழுவுவதை அம்மா கண்கொட்டாமல் பார்ப்பார். விரலிடுக்கு வரை தேய்த்துக் கழுவினால் முகம் மலரும்.

கண்களைக் கொடுத்துவிட வேண்டும் என்று நல்ல நிலையில் இருந்தபோதே சொல்லியிருந்தார். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண் வங்கிக்கென்று அழைத்த முதல் எண்ணில் யாரும் எடுக்கவில்லை. நாற்பது நிமிடம் போயிற்று. அந்த நாற்பது நிமிடத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்த முடிவை எடுத்திருப்பவர்கள் இரண்டு மூன்று எண்களையாவது சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். இறப்பை உறுதிசெய்து எழுதித் தரும் மருத்துவரிடமும் முன்பே பேசிவையுங்கள்.

வந்த உறவினர்கள் புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். காற்றில் கருவிழி உலர்ந்துவிடும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி நிறுத்தினேன். "கண்ணில்லாமலா அனுப்புவது?" என்று பெரியப்பா கேட்டார். முகம் மாறாது, இமை மூடியேதான் இருக்கும் என்றேன். சர்க்கரை நோய் இருந்ததே, கண்புரை அறுவை செய்த கண்ணாயிற்றே என்றார் சித்தி. இரண்டுமே தடையில்லை என்று அம்மா ஊர் ஊராகச் சொன்னதை அவருக்கும் சொன்னேன். கடைசியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பெரியப்பாதான்.

ஏழே முக்காலுக்குக் கண் வங்கியிலிருந்து இருவர் வந்தார்கள். பரிசோதனைக்குக் கொஞ்சம் இரத்தமும் எடுத்தார்கள். இருபது நிமிடத்தில் முடிந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். தூங்கும் முகம், அவ்வளவுதான்.

திண்ணையில் அவர்களுடைய பெட்டி திறந்திருந்தது. உள்ளே இரண்டு சிறிய குப்பிகள், சுற்றிலும் ஐஸ் பேக்குகள். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். மூடியை அழுத்திப் பூட்டித் தூக்கியபோது உள்ளே தண்ணீர் அலம்பியது. வண்டி வரை அந்தப் பெட்டிக்குப் பின்னாலேயே நடந்தோம்.