தூய்மைக்குக் காப்புரிமை உண்டா?

ஆஸ்பிரின் செய்முறையை மாணவர்களுக்குச் சொல்லித்தரும்போதெல்லாம், ஒரே மருந்துக்கு இரு நாட்டு நீதிமன்றங்கள் எதிரெதிர்த் தீர்ப்பளித்த வரலாறு என் நினைவுக்கு வருகிறது. ஆஸ்பிரின் எனப்படும் அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தை 1869-ஆம் ஆண்டிலேயே வேதியியலாளர் க்ராவுட் தயாரித்து விவரித்திருந்தார். ஜெர்மனியின் பேயர் மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர் ஹாஃப்மனோ, தம் பொருள் அதிலிருந்து வேறானது என்று 1900-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். க்ராவுட்டின் பொருள் 118 பாகை செல்சியஸ் அளவிலும், நீரற்ற குளோரோஃபார்மில் படிகமாக்கிய தமது வெள்ளை ஊசிகள் ஏறத்தாழ 135 பாகையிலும் உருகும் என்பதே அவர் காட்டிய வேறுபாடு. இன்றும் ஆய்வகத்தில் ஒரு சொட்டு ஃபெரிக் குளோரைடு விட்டால், மூலப்பொருளான சாலிசிலிக் அமிலம் வினைபுரியாமல் மிஞ்சிய கரைசல் ஊதாவாகிவிடும்; தூய கரைசலில் அந்த ஊதா தோன்றாது.

1905-இல் இங்கிலாந்து நீதிமன்றம், பொருள் ஏற்கெனவே அறியப்பட்டதே என்று கூறி அங்கிருந்த காப்புரிமையை நீக்கியது. 1910-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமோ, பயனற்றுக் கிடந்ததை மருந்தாக்கிய தூய்மைப்படுத்தல் புதுமையே என்று பேயர் பக்கம் நின்றது. தூய்மையாக்கும் வழிமுறைக்கு உரிமை தருவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொருளையே ஒருவருக்கு உரியதாக்குவது நோயாளியைத்தான் பாதிக்கும் என்பதால், இங்கிலாந்துத் தீர்ப்பையே சரியென்று கருதுகிறேன். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவும், செயல்திறன் குறிப்பிடத்தக்க அளவில் மாறாதவரை, அறியப்பட்ட பொருளின் தூய வடிவத்தை அதே பொருளாகவே கொள்கிறது.