வேண்டிக்கொள்ளும்

2025 ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போனேன். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அம்மா ஒரு செவ்வாயையும் விட்டதில்லை. ஜனவரியில் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுபோன பிறகு அவருக்குப் பதிலாக நான் போகிறேன். கொட்டாஞ்சேனையில் இருந்து நடை தூரம்தான்.

ஏன் செவ்வாய் என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். 1231 ஜூன் 13இல் பாதுவாவில் இறந்த அந்தோனியாரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்று சொன்னார். ஒரு வருடம் முடியும் முன்பே அவரைப் புனிதராக அறிவித்துவிட்டார்களாம். முப்பது வருடம் கழித்துக் கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருந்தது, நாக்கு மட்டும் அழியாமல் இருந்தது. பேச முடியாத அம்மாவுக்காகப் போகும்போது அந்த நாக்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எனக்கு முன்னால் பொட்டு வைத்த ஒரு பெண், அவருக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் ஒரு சிங்கள அம்மா. எல்லோர் கையிலும் மெழுகுதிரி. நானும் ஏற்றிவிட்டு, “அம்மா பேசினால் பதின்மூன்று செவ்வாய் வெறுங்காலோடு வருவேன்” என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்ததும் மனது உறுத்தியது. கடைக்காரரிடம் விலை பேசியது போல இருந்தது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

மச்சாள் வந்திருந்தா. அண்ணாவைக் கட்டியவ, கத்தோலிக்கம் அல்லாத ஒரு சபைக்குப் போகிறவ. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவதில் இருந்து உடம்பு துடைப்பது வரை எனக்குச் சமமாகச் செய்கிறவ. அதனால் அவவின் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது.

“கர்த்தரிடமே கேட்கலாமே மச்சாள். இடையில் இன்னொருவர் எதற்கு? மத்தியஸ்தர் ஒருவரே என்று தீமோத்தேயுவில் இருக்கே.”

இருக்கிறது. முதலாம் தீமோத்தேயு இரண்டாம் அதிகாரம், ஐந்தாம் வசனம். ஆனால் அதே அதிகாரம் தொடங்குவதே எல்லா மனிதருக்காகவும் மன்றாடுங்கள் என்றுதான். ஒருவருக்காக ஒருவர் கேட்பது அந்த ஒரே மத்தியஸ்தரின் இடத்தைப் பிடிப்பதாக இருந்தால் பவுல் அதைக் கேட்டிருக்க மாட்டார். அப்படித்தான் சொன்னேன்.

“உயிரோடு இருக்கிறவர்கள் கேட்பது வேறு, செத்தவர்கள் எப்படிக் கேட்பார்கள்?” என்றா.

இதுதான் உண்மையான கேள்வி. எல்லோருடைய குரலும் தன்னாலே காதில் விழும் சக்தி புனிதர்களுக்கு இருக்கிறது என்று திருச்சபை சொல்லவில்லை. கிறிஸ்துவோடு சேர்ந்தவர்களைச் சாவு பிரிக்காது, கடவுளோடு இருக்கிறவர்களுக்கு அவர் வழியாகவே எல்லாம் தெரிகிறது, அவ்வளவுதான். வேதாகமத்தின் வெளிப்படுத்தல் புத்தகத்தில் மூப்பர்கள் கையில் பொற்கிண்ணங்கள் வைத்திருக்கிறார்கள், அவற்றில் இருக்கும் தூபம் இறைமக்களின் செபங்கள். நான் அதைச் சொல்ல, மச்சாள் தலையாட்டினா. ஒத்துக்கொண்டு ஆட்டியதல்ல. பிறகு இருவரும் சேர்ந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தோம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதை. நல்ல வெயில். எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு, விடியப்புறம்

பாஸ்கா திருவிழிப்பு முடிந்து வந்து தூக்கம் வரவில்லை.

இந்த முறை எங்கள் பங்கில் மூன்று பேருக்குத் திருமுழுக்கு. அதற்கு முன் புனிதர்களின் மன்றாட்டுமாலை பாடினார்கள். எத்தனையோ வருடமாகப் பாடியும் இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. முதலில் “ஆண்டவரே, இரக்கமாயிரும்.” பிறகு மரியாள், யோசேப்பு, அந்தோனியார் என்று ஒவ்வொரு பெயராகப் போகிறது. அங்கே “இரக்கமாயிரும்” என்று ஒருதரம்கூட வராது. “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்”, அது மட்டும்தான். கடவுளிடம் தரச் சொல்லிக் கேட்கிறோம், புனிதர்களிடம் எங்களோடு சேர்ந்து கேட்கச் சொல்கிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினாரும் இதே இரண்டு வாக்கியங்களைக் காட்டித்தான் வித்தியாசத்தை விளக்கினார். மச்சாளுக்கு நான் சுற்றி வளைத்துச் சொன்னது இரண்டு வினைச்சொல்லில் இருக்கிறது.

அப்போதுதான் செவ்வாய்க்கிழமை உறுத்தல் என்ன என்று விளங்கியது. நான் அந்தோனியாரிடம் வேண்டிக்கொள்ளச் சொல்லவில்லை. அவரே தருகிறவர் போல, விலை சொல்லி வாங்கப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறோம், அந்த அளவில் மச்சாள் சொல்வது சரி. 1563இல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரெந்துச் சங்கம் புனிதர்களை மன்றாடுவது நல்லது, பயனுள்ளது என்று சொன்ன அதே இடத்தில்தான் மூடப்பழக்கங்களை அகற்றச் சொன்னது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா விழித்திருந்தார். கட்டிலில் உட்கார்ந்து மன்றாட்டுமாலையை மெல்லச் சொன்னேன். நாலாவதோ ஐந்தாவதோ பெயருக்கு அம்மாவின் வாய் அசைந்தது.

“...கொள்ளும்.”

மறுபடியும் சொன்னேன். மறுபடியும் “வேண்டிக்கொள்ளும்.” முழுச் சொல். தண்ணீர் என்று சொல்ல முடியாதவர், என் பெயரைச் சொல்ல முடியாதவர். பாரிசவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்கும் மனப்பாடமான செபமும் பாட்டும் சில நேரம் தங்கியிருக்கும் என்று பேச்சுப் பயிற்சி தருகிறவர் முன்பே சொல்லியிருக்கிறார். தெரிந்திருந்தும் அழுதேன்.

ஏப்ரல் 21, திங்கள்

காலை 8.45க்கு மௌனம். ஆறு வருடம். 2019 உயிர்ப்பு ஞாயிறன்று அந்த நேரத்தில்தான் கொச்சிக்கடைக் கோவிலில் குண்டு வெடித்தது. அம்மா வழக்கமாக நிற்கும் தூணை நான் இன்னும் நேராகப் பார்ப்பதில்லை. அன்று அம்மாவுக்குக் காய்ச்சல், போகவில்லை.

அன்று இறந்த கத்தோலிக்கரில் 167 பேருடைய பெயர்களை வத்திக்கான் விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் சேர்த்திருப்பதாகக் கர்தினால் இன்று அறிவித்தார். அவர்கள் இன்னும் பீடத்தில் ஏறிய புனிதர்கள் இல்லை. பொது வழிபாட்டில் அவர்களை அழைத்து மன்றாட முடியாது. தனியாக என் மனதுக்குள் கேட்பதை யாரும் தடுக்கவில்லை. அம்மாவோடு ஒரே வாங்கில் இருந்தவர்களும் அதில் இருக்கலாம். கேட்டேன்.

மத்தியானம் திருத்தந்தை பிரான்சிஸ் காலமானார் என்ற செய்தி வந்தது.

2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் அவர் யோசேவ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது அம்மாவும் நானும் அங்கே இருந்தோம், இரவிரவாக முழித்திருந்து. ஒல்லாந்தர் காலத்தில் குருமாரைத் துரத்திய இந்த நாட்டுக்கு 1687இல் கோவாவில் இருந்து ஒளிந்து வந்தவர் வாஸ். 1711இல் கண்டியில் இறந்தார். மன்றாட்டுமாலையில் அந்தப் பெயர் வரும்போது அம்மா சத்தத்தைக் கூட்டுவார்.

பிரான்சிஸ் 2013இல் திருத்தந்தையாகி முதன்முதலாக மாடத்தில் வந்து நின்றபோது, மக்களுக்கு ஆசி கொடுக்கும் முன் தனக்காகச் செபிக்கும்படி அவர்களிடம் கேட்டுத் தலை குனிந்தார். கடைசி வரைக்கும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். திருத்தந்தைக்கும் மற்றவர்களின் செபம் தேவைப்பட்டது. எனக்குத் தேவையில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஏப்ரல் 22, செவ்வாய்

கொச்சிக்கடை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு விலை பேசாமல் நின்றேன். “அம்மாவுக்காக வேண்டிக்கொள்ளும்.” வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 26, சனி

திருத்தந்தையின் அடக்கப் பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மச்சாளும் வந்திருந்தா. முடிவில் பெட்டிக்கு முன்னால் இலத்தீனில் மன்றாட்டுமாலை. அங்கே “இவருக்காக வேண்டிக்கொள்ளும்” என்பதற்கு “ஓரா ப்ரோ ஏயோ” என்று பாடினார்கள். அம்மா கட்டிலில் இருந்து “ப்ரோ நோபிஸ்” என்றார். எங்களுக்காக. சின்னப்பிள்ளையில் இலத்தீன் பூசையில் கேட்டது. இத்தனை வருடம் அது அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

மச்சாள் அர்த்தம் கேட்டா, சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. அவவின் எண்ணம் மாறியதாக நான் நினைக்கவில்லை, மாற்றவேண்டும் என்றும் இப்போது தோன்றவில்லை.

பின்னேரம் வழக்கம்போல அம்மாவின் தலையில் கை வைத்து அவவின் முறையில் ஜெபித்தா. “இயேசப்பா, மாமிக்கு சுகம் தாங்கப்பா.” அம்மா “வேண்டிக்கொள்ளும்” என்றார். மச்சாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னா. அதன்பிறகு ஒவ்வொரு வரி முடிவிலும் அம்மா சொல்லி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்தித்தான் ஜெபித்தா.