ஆறுக்குப் பின் தடையில்லை

ஒன்றுக்கொன்று வேறான பகா எண்களைக் கூட்டி எல்லா முழு எண்களையும் பெற முடியுமா என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஒரு பகா எண் தனித்து நிற்பதையும் ஏற்றுக்கொண்டால், 1, 4, 6 ஆகிய மூன்று மட்டுமே இடறின. 3+3 என்று எழுதினால் ஒரே எண் இருமுறை வந்துவிடுகிறது.

6-ஐத் தாண்டிய எல்லா எண்களுக்கும் இது இயலும் என்று 1949இல் ஜெர்மன் கணிதவியலாளர் ரிச்செர்ட் நிறுவினார். அந்த நிறுவலின் எளிமை என்னை மிகவும் கவர்ந்தது. 2, 3, 5, 7, 11 ஆகிய ஐந்தைக் கொண்டே 7 முதல் 19 வரை அனைத்தையும் பெறலாம் (17 = 2+3+5+7 என்பது எனக்குப் பிடித்தது); அவற்றோடு 13-ஐக் கூட்ட, 20 முதல் 32 வரை கிடைக்கும். ஒவ்வொரு பகா எண்ணின் இருமடங்குக்குள் அடுத்தது வந்துவிடும் என்று ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் முன்பே நிறுவியிருப்பதால், 17, 19 என்று சேர்க்கச் சேர்க்க இந்தத் தொடர் எங்கும் அறுவதில்லை.