முயலின் இதயத்தில் எண்ணிய கிருமிகள்

கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய ஆட்டு ஆராய்ச்சி மையத்தில் வாங்கிய நான்கு முயல்களில் தொடங்கிய வளர்ப்பு, இப்போது பூம்பாறையில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஐந்து கூண்டுகளாகப் பெருகியிருக்கிறது. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் பழுதுபட்டிருந்த அப்பாவின் இதய வால்வில், மெத்திசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி குடியேறியபோது, மலையிறங்கி மதுரையில் ஆறு வாரம் தங்கி வான்கோமைசின் என்ற மருந்தை ஏற்ற வேண்டியதாயிற்று. டாப்டோமைசின் என்ற மருந்து முயல்களில் இன்னும் வேகமாக வேலை செய்கிறதாமே என்று மருத்துவரிடம் கேட்டேன். “முயலில் எதை எண்ணினார்கள் என்று முதலில் பாருங்கள்” என்றார். நுண்ணுயிரியல் படித்தவன் என்பதால் அந்தப் பதில் சற்றே சுட்டது, படிக்க உட்கார்ந்தேன்.

1970-களின் தொடக்கத்தில் உருவான முறைதான் இன்றும் பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. மயக்கத்தில் இருக்கும் முயலின் கழுத்துத் தமனி வழியாக மெல்லிய பிளாஸ்டிக் குழாயை இதயம் வரை செலுத்தினால், அது பெருந்தமனி வால்வை உரசிப் புண்ணாக்கும். புண்ணின் மேல் ரத்தத்தை உறையச் செய்யும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளும் தட்டணுக்களும் படியும். மறுநாள் காதோரச் சிரையில் கிருமியைச் செலுத்துவார்கள்; அது ரத்தத்தோடு போய் அந்தப் படிவில் குடியேறும். என் முயல்களின் காதைக் காலை வெயிலுக்கு எதிரே பிடித்தால் அந்தச் சிரை நூல் போலத் தெளிவாகத் தெரியும். அதைப் படித்த நாளிலிருந்து காதைப் பிடிக்கவே கை கூசுகிறது.

வால்வில் உருவாகும் அந்தப் படிவுக்கு ரத்தக் குழாய் கிடையாது, வெள்ளையணுக்களும் அதற்குள் எளிதில் நுழைவதில்லை. ஆகவே கிருமியின் வளர்ச்சியை நிறுத்தி வைத்து மீதியை உடலிடம் விட்டுவிடும் மருந்து அங்கே போதாது, மருந்தே கொன்றாக வேண்டும். வளர்ச்சியை நிறுத்தும் வகையைச் சேர்ந்த லினசோலிட் என்ற மருந்து இவ்விடத்தில் பின்தங்குவதற்குக் காரணம் இதுதான். சிகிச்சைக்குப் பின் முயலைக் கொன்று, படிவை எடுத்து எடை போட்டு, அரைத்து, பலமுறை நீர்க்கச் செய்து, கிருமி வளர்க்கும் ஆய்வகத் தட்டில் வளரவிட்டு எண்ணுகிறார்கள். சிகிச்சை பெறாத முயலில் ஒரு கிராமுக்கு நூறு கோடி கிருமிகள் இருப்பது சாதாரணம். அதில் 99.9 சதவீதத்தைக் கொன்ற மருந்து கேட்பதற்குப் பிரமாதமாக இருக்கும்; ஆனால் பத்து லட்சம் அப்படியே மிச்சம். மருத்துவர் சொன்னது எனக்கு இந்தக் கணக்கில்தான் உறைத்தது.

வான்கோமைசின் மெதுவாகக் கொல்வது, டாப்டோமைசின் விரைவாகக் கொல்வது என்பதில் முயல் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆனால் டாப்டோமைசினைத் தனியாகக் கொடுக்கும்போது சில கிருமிகள் சிகிச்சையின் நடுவிலேயே அதற்கு எதிர்ப்புப் பெற்றுவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், மெத்திசிலினுக்கு அசையாத அதே கிருமியிடம், டாப்டோமைசினோடு மெத்திசிலினின் குடும்பமான பீட்டா-லாக்டம் வகை மருந்து ஒன்றையும் சேர்த்தால் பலன் கூடுகிறது.

மில்லிகிராம் கணக்கை அப்படியே ஒப்பிடுவதும் தவறு. முயலின் உடல் பல மருந்துகளை நம்மைவிட வேகமாக வெளியேற்றிவிடுவதால், மனித ரத்தத்தில் எட்டும் அளவை முயலின் ரத்தத்திலும் எட்டச் செய்யும்படி மருந்தளவை அமைத்த ஆய்வுகளையே நான் பொருட்படுத்துகிறேன். மனிதரிடம் வந்ததும் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது: 2006-இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் (மெத்திசிலினுக்குக் கட்டுப்படுவதோ கட்டுப்படாததோ) இருந்தவர்களுள் டாப்டோமைசின் பெற்றவர்களில் 44.2 சதவீதமும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 41.7 சதவீதமும் குணமாயினர்.

இப்போது எந்த அட்டவணையைக் கண்டாலும், மருந்தை நிறுத்திய பின் சில நாள்கள் விட்டுவைத்து எண்ணிய முயல்கள் உண்டா என்றுதான் முதலில் தேடுகிறேன். திசுவில் தங்கிவிட்ட மருந்து, தட்டில் வளர வேண்டிய கிருமியையும் அடக்கிப் பூஜ்யம் காட்டிவிடக்கூடும். அப்பாவுக்கும் மருந்து நிறுத்திச் சில வாரங்கள் கழித்து மீண்டும் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் செய்தார்கள். ஐந்து நாள் காத்திருந்தும் எதுவும் வளரவில்லை என்று தெரிந்த பிறகே மலையேறினோம்.