32ஆவது செக்கனைக் கடந்த அழைப்பு

நேற்று இரவு சுன்னாகத்திலிருந்து நான் அமைத்த தொலைபேசி வழங்கிக்கு வந்த அழைப்பு, வழக்கமாக அறுந்துபோகும் 32ஆவது செக்கனைக் கடந்து, 11 நிமிடம் அறாமல் நீடித்தது. மூன்று வாரமாக இந்த ஒரு காட்சிக்காகவே காத்திருந்தேன் என்பதால், நினைவு மங்குவதற்கு முன் எழுதிவைக்கிறேன்.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் உள்ள சித்தப்பாவின் அச்சகத்தில், பழைய மேசைக்கணினி ஒன்றில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருந்தேன். கணினியைத் தொலைபேசி வழங்கியாக்கும் அஸ்டெரிஸ்க் என்ற மென்பொருள் அதன் களஞ்சியத்தில் இல்லாததால், மூலநிரலிலிருந்து தொகுத்துக்கொண்டேன். அச்சகத்தில் ஐந்து, சுன்னாகம் கிளையில் இரண்டு என இணைய வலையமைப்பு வழியாகப் பேசும் ஏழு ஐபி தொலைபேசிகள். கிளைத் தொலைபேசிகள், மாறும் இணைய முகவரியை எப்போதும் சுட்டிக்கொண்டிருக்கும் டைனமிக் டிஎன்எஸ் பெயர் ஒன்றின் வழியாக வழங்கியை வந்தடைகின்றன. முதல் வாரம் எந்தக் குறையும் இருக்கவில்லை. பிறகு ஒருநாள் கிளையில் வேலை செய்யும் அக்கா தன் கைத்தொலைபேசியில் என்னை அழைத்து, "மணி அடிக்குது தம்பி, எடுத்தா ஒண்டும் கேக்கேல்லை, கொஞ்ச நேரத்தில தானா அறுந்து போகுது" என்றார்.

வழங்கியை மறுபடி தொடக்கினால் எல்லாம் சரியாகிவிடும். சில நாளில் அதே மௌனம் திரும்பும். மறுதொடக்கம் குணமாக்குகிறது என்பதே என்னைத் தவறான திசையில் அலையவிட்டது. நினைவகத்தையும் வன்தட்டையும் சோதித்து ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

வழி காட்டியது எஸ்என்கிரெப். அழைப்பின் சமிக்ஞைகளை இரு கோடுகளுக்கிடையே அம்புகளாக வரைந்துகாட்டும் இந்தக் கருவியை, தொலைபேசி வழங்கி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முதலில் நிறுவ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அச்சகத்தில் அழைப்பை எடுத்ததும், எடுத்தாயிற்று என்று சொல்லும் "200 ஓகே" செய்தியை வழங்கி அனுப்புகிறது. அது கிடைத்தது என்று சுன்னாகத்திலிருந்து வரவேண்டிய "ஏசிகே" வரவில்லை. அரைச் செக்கன், 1, 2, 4, மறுபடி 4 என்ற இடைவெளிகளில் அதே "200 ஓகே" அம்பு திரும்பத் திரும்பப் போகிறது. அழைப்புகளைத் தொடக்கவும் முடிக்கவும் பாவிக்கும் எஸ்ஐபி என்ற நெறிமுறையின் விதிப்படி, அடிப்படை நேரமான அரைச் செக்கனின் 64 மடங்கு, அதாவது 32 செக்கன் முடிந்ததும் வழங்கி நம்பிக்கையிழந்து அழைப்பைத் துண்டிக்கிறது. அக்கா சொன்ன "கொஞ்ச நேரம்" இதுதான்.

ஏசிகே எங்கே போனது என்று அறிய அந்த "200 ஓகே" செய்தியைத் திறந்து பார்த்தேன். பதிலை எங்கே அனுப்பவேண்டும் என்று சொல்லும் அதன் "கொன்டாக்ட்" வரியிலும், ஒலியை எங்கே அனுப்பவேண்டும் என்று சொல்லும் "சி" வரியிலும் இருந்த பொது முகவரி, டைனமிக் டிஎன்எஸ் பெயரை "டிக்" கட்டளையால் கேட்டபோது வந்த முகவரியோடு பொருந்தவில்லை. அஸ்டெரிஸ்க்கின் கட்டளைத் திரையான கொன்சோலில், ஒலிப்பொதிகளைக் காட்டும் "ஆர்டிபி செட் டிபக் ஒன்" கொடுத்தபோதும் அதுவே உறுதியாயிற்று: அச்சகத் தொலைபேசியிலிருந்து 20 மில்லிசெக்கனுக்கு ஒன்றாக 160 பைட் பொதிகள் வந்துகொண்டிருந்தன, சுன்னாகத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை. அவை யாருடையதோ ஆகிவிட்ட நமது பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன.

வழங்கிக்கு யூபிஎஸ் உண்டு, றவுட்டருக்கு இல்லை. மின்தடைக்குப் பின் றவுட்டர் புதிய முகவரியோடு எழும்பும். இடைவிடாது ஓடிய அஸ்டெரிஸ்க்கோ தொடங்கிய நாளில் அறிந்த முகவரியையே சொல்லிக்கொண்டிருக்கும். அஸ்டெரிஸ்க்கின் அமைப்பில் வெளிமுகவரி இருக்கவேண்டிய இடத்தில் டைனமிக் டிஎன்எஸ் பெயரைத்தானே எழுதியிருந்தேன், மாறும்போது தானாகக் கண்டுகொள்ளாதா என்று நான் எண்ணியிருந்தேன். கொன்சோலில் "டிஎன்எஸ்எம்ஜிஆர் ஸ்டேட்டஸ்" என்று கேட்டபோது "டிசேபிள்ட்" என்ற விடை வந்தது. பெயர்களை இடைக்கிடை மீண்டும் விசாரிக்கும் அந்தப் பகுதி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய கோப்பில் "எனேபிள்" என்பதை "யெஸ்" ஆக்கி, 300 செக்கனாக இருக்கும் இடைவெளியை 60 ஆகக் குறைத்து, "கோர் ரீஸ்டார்ட் வென் கன்வீனியன்ட்" கொடுத்தேன். ஓடும் அழைப்புகள் முடியும்வரை காத்திருந்து மறுதொடக்கம் செய்யும் இந்தக் கட்டளை, வேலைநேரத்தில் சித்தப்பாவின் வாடிக்கையாளரை இடையில் துண்டிக்காமல் காப்பாற்றுகிறது.

தொலைபேசிகளை எங்கே வாங்கினேன் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்தவையாக வாங்கினேன். மின் அடப்டர்களை யாழ்ப்பாணத்தில் தனியாக எடுத்தேன். 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று கருவியின் அடியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்ததாக, இரு இடங்களையும் வயர்கார்ட் என்ற மறைகுறியாக்கப்பட்ட தனி இணைப்பால் (சுரங்கத்தால்) இணைக்க விரும்புகிறேன். அப்போது எஸ்ஐபி பாவிக்கும் 5060ஆம் துறையை (போர்ட்டை) வெளியுலகுக்குத் திறந்துவைக்கத் தேவையில்லை. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் அந்நியர்களை ஃபெயில்டுபான் என்ற காவல் மென்பொருள் நாள்தோறும் தடுத்துக்கொண்டிருப்பதும் குறையும். இதற்காகச் சுன்னாகத்துக்கு ஒரு ராஸ்பெரி பை சிறுகணினியை ஒதுக்கியாயிற்று.

ஆனால் இப்போதைய சோதனையே இன்னும் முடியவில்லை. இன்று காலை வேண்டுமென்றே றவுட்டரின் மின்னிணைப்பைப் பிடுங்கிச் செருகினேன். புதிய முகவரி வந்தது. சில நிமிடங்களில் எஸ்என்கிரெப்பின் "கொன்டாக்ட்" வரியும் மாறியது. இன்னும் நான்கு தடவை இப்படிச் செய்து பார்த்த பிறகே, சித்தப்பாவிடம் வேலை முடிந்தது என்று சொல்வேன்.