தேனீக்கு வயது நாளிலா, வேலையிலா?

தேனீ ஆய்வகத்தில் சேருகிறவர்கள் முதலில் பழகுவது குடல் எடுப்பதைத்தான். ஐஸில் வைத்து அசைவற்றுப்போன தேனீயை ஓர் இடுக்கியால் மார்பில் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் கொடுக்கு இருக்கும் கடைசிக் கண்டத்தைக் கவ்வி, நிதானமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் அறுந்துவிடும். கை பழகிவிட்டால் முழுக் குடலும் ஒரே இழையாக வெளியே வரும். வாய்ப் பக்கத்திலிருந்து எண்ணினால் முதலில் தடித்த நடுக்குடல், அது முடியும் இடத்தில் கொத்தாக, கழிவை வடிக்கும் மால்பீஜியன் குழாய்கள், அதற்கடுத்து மெல்லிய பின்குடல், கடைசியில் மலக்குடல்.

அந்த மலக்குடலைப் பார்த்தே தேனீ என்ன வேலையில் இருந்தது என்று சொல்லிவிடலாம். புழுக்களுக்கு ஊட்டும் செவிலித் தேனீயின் மலக்குடல் மகரந்தச் சக்கை அடைத்து, மஞ்சளும் பழுப்புமாகப் புடைத்திருக்கும். தேன் சேகரிக்க வெளியே பறக்கும் தேனீக்கு அது சிறுத்து, உள்ளே தெளிந்த நீர் மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே தாய்க்குப் பிறந்தவை.

வட அமெரிக்காவில், மாதக்கணக்கில் பனி உறைந்து கிடக்கும் ஒரு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் இந்த வேலையைச் செய்கிறேன். நாங்கள் வளர்ப்பது ஐரோப்பியத் தேனீ. நம் ஊரில் இத்தாலியத் தேனீ என்கிறோமே, அது இதன் ஒரு வகை. போன கோடையில் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தவள், "அக்கா, இது எத்தனை நாள் தேனீ?" என்று கேட்டாள். "அது என்ன வேலை பார்த்துக்கிட்டிருந்ததுன்னு முதல்ல பாரும்மா" என்றேன். நான் இத்தனை காலம் பார்த்துத் தெரிந்துகொண்டதன் சாரம் கிட்டத்தட்ட அதுதான்.

புத்தகத்தில் கணக்கு எளிமையாக இருக்கும். கோடையில் பிறக்கும் பணித்தேனீ முதல் சில நாள் அறைகளைச் சுத்தம் செய்யும். பிறகு செவிலியாகிப் புழுக்களுக்கு ஊட்டும். அடுத்து மெழுகு கட்டும், தேனை வாங்கி அடையில் வைக்கும். மூன்று வாரம் ஆனபின் வெளியே பறக்கும், ஐந்தாறு வாரத்தில் இறந்துபோகும். இந்தக் கணக்கை நம்பித்தான் நாங்களும் வயது குறிக்கிறோம். பொரியப் போகும் அடைச் சட்டத்தை இரவு 34 டிகிரி இன்குபேட்டரில் வைத்தால், காலையில் சாம்பல் நிற ரோமத்தோடு இளம் தேனீக்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு அப்போது கொட்டவும் தெரியாது, பறக்கவும் வராது. முதுகில் ஒரு பொட்டு பெயின்ட் வைத்துப் பெட்டியில் விட்டுவிடுவோம். எந்த நிறம் எந்த நாளில் பிறந்தது என்று நோட்டில் இருக்கும். தேவைப்படும்போது நிறம் பார்த்து எடுத்துக்கொள்வோம்.

அப்படி அப்போதுதான் வெளிவந்த தேனீயின் குடலில் பாக்டீரியா அனேகமாக எதுவும் இருக்காது. அடையை நக்கி, அக்காமாரோடு ஒட்டி உரசி, அவர்களுடைய எச்சத்தைத் தொட்டு, நான்கைந்து நாளில் அது தன் நுண்ணுயிர்களைச் சேர்த்துக்கொள்கிறது. வளர்ந்த தேனீயின் குடலில் அவை கோடிக்கணக்கில் இருக்கும். வகையோ வெகு சொற்பம். மனிதக் குடலில் நூற்றுக்கணக்கான இனங்கள் என்றால், இங்கே ஐந்து குடும்பங்கள் எப்போதும் இருக்கும், இன்னும் சில வந்து போகும். நம் ஊர் அடுக்குத் தேனீயின் குடலிலும் இதே குடும்பங்களின் உறவுக்காரர்கள்தான் இருக்கிறார்கள்.

ஒவ்வொன்றுக்கும் இடமும் வேலையும் வேறு. பின்குடலின் சுவரை ஒட்டி ஸ்நாட்கிராசெல்லா என்ற பாக்டீரியா படிந்திருக்கும். அதன்மேல் கில்லியமெல்லா. மலக்குடலில் லாக்டோபேசில்லஸும் பிஃபிடோபாக்டீரியமும். மகரந்தச் சுவரிலுள்ள பெக்டின் போன்ற, தேனீயால் செரிக்க முடியாத பொருள்களைக் கில்லியமெல்லாவும் பிஃபிடோவும் உடைத்து நொதிக்கவைக்கின்றன. அதில் வரும் அசிட்டேட் போன்ற அமிலங்கள் தேனீயின் உடலுக்குள் போகின்றன. ஸ்நாட்கிராசெல்லாவால் சர்க்கரையைத் தின்ன முடியாது. அது கரிம அமிலங்களைத் தின்று, சுவரோரம் கசியும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது. அதனால்தான் ஆக்சிஜன் ஆகாத மற்றவை உள்ளே பிழைக்கின்றன.

2024இல் ஸ்விட்சர்லாந்தின் லோசான் குழு காட்டியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தேனீக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீரை மட்டும் கொடுத்தாலும் ஸ்நாட்கிராசெல்லா குடலில் வேர்விடுகிறது, ஏனென்றால் அதற்கு வேண்டிய அமிலங்களைத் தேனீயே தன் உடலிலிருந்து சுரந்து கொடுக்கிறது. நுண்ணுயிர் தேனீக்குச் சோறு போடுகிறது என்று மட்டும் எண்ணியிருந்தோம். கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் இருக்கிறது. தேனீயின் வளர்சிதை மாற்றத்தையும் அதன் குடல் பாக்டீரியாக்களையும் இரண்டு தனித் தலைப்புகளாக எழுதுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

2017இல் டெக்சஸில் நான்சி மோரன் குழு செய்த சோதனையும் இதோடு சேர்ந்தது. கிருமியில்லாமல் வளர்த்த தேனீக்களைவிட, நுண்ணுயிர் பெற்ற தேனீக்கள் எடை கூடின. இன்சுலின் வழியான சமிக்ஞைகளும், வைட்டெல்லோஜெனின் என்ற சேமிப்புப் புரதத்தின் மரபணு வெளிப்பாடும் அவற்றில் மாறியிருந்தன. செவிலித் தேனீயைச் செவிலியாக வைத்திருப்பது இந்தப் புரதம்தான். புழுவுக்கு ஊட்டும் பாலைத் தேனீ அதிலிருந்து தயாரிக்கிறது. அது குறைந்து, இளமை ஹார்மோன் என்று பெயர் கொண்ட ஹார்மோன் ஏறும்போது தேனீ வெளியே பறக்கத் தொடங்குகிறது.

பறக்கத் தொடங்கியதும் உடம்பே வேறாகிவிடுகிறது. தலையிலுள்ள பால் சுரப்பிகள் சுருங்கி, சர்க்கரையை உடைக்கும் நொதியைச் சுரக்கும் வேலைக்கு மாறுகின்றன. வயிற்றுக் கொழுப்பு கரைகிறது. மகரந்தம் தின்பது ஏறக்குறைய நின்றுபோய், எரிபொருள் முழுக்கச் சர்க்கரையாகிறது. பறக்கும் தசைகள் நொடிக்கு இருநூறு தடவைக்கு மேல் சிறகடிக்கின்றன. மகரந்தச் சக்கை வருவது நின்றதால் குடலில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையும் இறங்குகிறது. குடும்பங்கள் பெரும்பாலும் அவைதான், கூட்டம் குறைந்துவிடுகிறது. தேனீயின் ஆயுள் நாள்களைவிடப் பறந்த தூரத்தைச் சார்ந்தது என்று 1982இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. மொத்தம் சுமார் 800 கிலோமீட்டர்.

இதில் எங்களைப் படுத்தும் சிக்கல் ஒன்று உண்டு. செவிலி இளசு, பறப்பது முதிர்ந்தது. அப்படியானால் குடலில் நாங்கள் பார்க்கும் மாற்றம் வயதால் வந்ததா, வேலையால் வந்ததா? சாதாரணப் பெட்டியில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. அதனால் ஒரே நாளில் பிறந்த தேனீக்களை மட்டும் ஒரு ராணியோடு சிறு பெட்டியில் குடியமர்த்துகிறோம். மூத்தவர்கள் யாரும் இல்லாததால், ஒன்றிரண்டு வாரத்துக்குள்ளேயே சில தேனீக்கள் முந்திக்கொண்டு பறக்கத் தொடங்கும். வாசலில் நின்று, காலில் மகரந்தத்தோடு திரும்புகிறவற்றை ஒவ்வொன்றாகப் பிடிப்போம். வெயிலில் முக்காடு போட்ட உடுப்போடு நிற்பது கடினமான வேலைதான். இருந்தாலும் எனக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. ஒரே நிறப் பொட்டு, ஒரே வயது. ஐஸுக்குப் போய் இழுத்துப் பார்த்தால், பறந்த தேனீயின் மலக்குடல் தெளிந்திருக்கும், உள்ளே இருந்து புழு வளர்த்த சகோதரியுடையது மஞ்சளாகப் புடைத்திருக்கும். நாள் ஒன்றே என்றாலும் வேலை பிரித்துவிட்டது.

இதைத் திருப்பியும் செய்யலாம். செவிலிகளை எல்லாம் எடுத்துவிட்டுப் பறக்கும் தேனீக்களைப் புழுக்களோடு மட்டும் விட்டால், அவற்றில் சில மறுபடி செவிலியாகும். வைட்டெல்லோஜெனின் திரும்ப ஏறும். பறக்கும் காலத்தில் குறைந்துபோன நோய் எதிர்ப்பு அணுக்கள்கூடத் திரும்பி வரும் என்று க்ரோ அம்டாம் குழு 2005இல் காட்டியது. முதுமை என்று நாம் பெயரிட்டுவைத்த ஒன்று, வேலை மாறியதும் பின்வாங்குகிறது. இதை முதன்முதலில் படித்தபோது, கையிலிருந்த அட்டவணையில் 'வயது' என்ற தலைப்புக்குப் பக்கத்தில் 'வேலை' என்று ஒரு பத்தி கூட்டினேன். எங்கள் எல்லா அட்டவணைகளிலும் இன்றுவரை அது இருக்கிறது.

குளிர்காலத் தேனீக்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊரில் இதைப் பார்க்க வாய்ப்பில்லை. இலையுதிர் காலத்தில் பிறக்கும் தேனீ ஐந்து வாரம் அல்ல, ஆறு மாதம் வரை வாழும். பறக்காது, வளர்க்கப் புழுவும் கிடையாது. ராணியைச் சுற்றித் திரண்டு தசைகளை அதிரவைத்துச் சூடு உண்டாக்கிக்கொண்டிருக்கும். உடம்பில் கொழுப்பும் வைட்டெல்லோஜெனினும் நிறைந்திருக்கும். பெட்டிக்குள் மலம் கழிக்காது. ஒரு வெயில் நாள் வரும்வரை வாரக்கணக்கில் அடக்கிவைத்திருந்து, வெளியே வந்து பனிமேல் மஞ்சள் புள்ளிகளாகத் தெளித்துவிட்டு உள்ளே ஓடிவிடும். அதற்கு முன் எடுத்துப் பார்த்தால் வயிறு முழுக்க மலக்குடல்தான். செவிலியைவிடவும் அதிகப் பாக்டீரியா அதில் இருக்கும், ஆனால் கூட்டணி மாறியிருக்கும். கோடையில் சிறுபான்மையாக இருந்த பார்ட்டோனெல்லாவும் காமென்சலிபாக்டரும் தலையெடுத்திருக்கும். மாதக்கணக்கான வயது, ஆனால் பல அளவுகோல்களில் கோடையின் மூன்று வாரத் தேனீயைவிட இளமையான உடம்பு.

குளிர் முடியும் தறுவாயில் ராணி மறுபடி முட்டையிடத் தொடங்கும்போது, இந்த ஐந்தாறு மாதக் கிழவிகள்தான் முதல் புழுக்களுக்குப் பால் சுரந்து ஊட்டுகிறார்கள். பிறகு வெளியே பறக்கிறார்கள், சில வாரங்களில் செத்துப்போகிறார்கள். அந்தச் சில வாரங்களில் குடலில் என்ன நடக்கிறது, குளிர்காலக் கூட்டணி எந்தக் கட்டத்தில் கலைகிறது, முதலில் மாறுவது பாக்டீரியாவா தேனீயின் உடம்பா என்பதைத்தான் இந்த வசந்தத்தில் பார்க்கப்போகிறோம். இலையுதிர் காலத்தில் நீலப் பொட்டு வைத்துவிட்ட தேனீக்கள் பெட்டிகளில் காத்திருக்கின்றன. முதல் புழு கண்ணில் பட்ட நாளிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். நோட்டில் நீலத்துக்கு எதிரே 'வேலை' பத்தியை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.