தொண்ணூறா, தொள்ளாயிரமா: மகனுக்கு டிஸ்கால்குலியா சான்று வாங்கிய அனுபவம்

மகனுக்கு டிஸ்கால்குலியா, அதாவது எண்ணும் கணக்கும் பிடிபடாத கற்றல் குறைபாடு, இருக்கிறது என்ற சான்று போன வாரம்தான் கைக்கு வந்தது. ஏழு மாத அலைச்சல். கேரளத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் பிள்ளையைப் படிக்கவைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மகன் ஆறாம் வகுப்பு. கதைப் புத்தகத்தைத் தடங்கலில்லாமல் வாசிப்பான். ஆனால் ‘தொண்ணூறு’ என்று சொன்னால் 900 என்று எழுதுவான்; அவன் காதில் விழுவது ‘நூறு’. தொள்ளாயிரத்துக்கு 9000. சின்ன வகுப்பில் பல பிள்ளைகளுக்கு வரும் குழப்பம்தான், போகப்போகச் சரியாகிவிடும். இவனுக்கு ஆகவில்லை. ஏழும் ஐந்தும் எத்தனை என்றால் இன்றைக்கும் மேசைக்கு அடியில் விரல் விடுவான். சோம்பேறி என்று டீச்சர் சொன்னதை நம்பி நானும் அடித்திருக்கிறேன். அது இன்னும் மனசில் ஆறவில்லை.

முதலில் கோயம்புத்தூரில் தனியாரிடம் பணம் கட்டிப் பரிசோதித்தோம். அந்த அறிக்கையைப் பள்ளியில் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள். அரசு மருத்துவக் குழுவின் சான்றுதான் செல்லுமாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்கால்குலியா என்று பேர் போட்டே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டிய பிறகுதான் தலைமையாசிரியர் உட்காரச் சொன்னார்.

யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டுவிட்டோம். சிக்கல் மருத்துவமனையில். லீவு போட்டுப் போய் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றால், “கண்ணு, காது டெஸ்ட் பேப்பர் எங்கே?” என்கிறார் கவுண்டரில் இருந்தவர். பார்வையிலோ காதிலோ கோளாறு இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம். நியாயம்தான், ஆனால் அதை முன்னாலேயே ஒருவர் சொல்லியிருக்கலாமே. வந்த வழியே பஸ் ஏறினோம். நீங்கள் அந்த இரண்டையும் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் முறை ஐக்யூ. மூன்றாம் முறை கணக்குத் தேர்வு. உளவியலாளர் மலையாளத்தில் கேட்டார். ‘ஹரிக்கு’ என்றதும் பையன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த சொல் ‘வகு’. மொழி புரியாததையும் குறைபாட்டுக் கணக்கில் சேர்த்துவிடுவார்களே என்று பதறிவிட்டேன். “தமிழ்ல கேளுங்க மேடம். முடியாதுன்னா இன்னொரு நாள் வர்றோம்” என்றேன். தமிழ் தெரிந்தவரை வைத்து அப்புறம் நடத்தினார்கள். நான்காவது பயணம்தான், பரவாயில்லை. இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பழைய கணக்கு நோட்டுகளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 52-27க்கு 35. மூன்று வருஷ நோட்டிலும் இதே மாதிரித் தப்பு. உளவியலாளர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் குறித்துக்கொண்டார்.

14 வயதில் மறுபடி பரிசோதனை உண்டு, அதனால் எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன். பள்ளியில் இப்போது கூடுதல் நேரம் தருகிறார்கள், வாய்ப்பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விடுகிறார்கள். வீட்டில் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாக டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்பது டப்பாவை வரிசையாக அடுக்கினால் தொண்ணூறு. நேற்று நான் கேட்காமலே பத்தாவது டப்பாவை நகர்த்திக் கடைசியில் சேர்த்து, “இப்பத்தாம்மா நூறு” என்றான்.